துண்டு போட்ட இடம்

ஜனவரி 19

இன்று வந்துவிட்டது.

என்ன வந்தது என்பதை எழுதிவைக்கிறேன், பிற்காலத்தில் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கலாம். எங்கள் ஆய்வகத்தில் நான் டிரான்சிஸ்டர் செய்கிறவன். நகத்தளவு சிப், அதன் மேல் அலுமினிய ஆக்சைடு, அதற்கும் மேல் குறைக்கடத்தி. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு ஓர் அடுக்கைப் பரப்பிவிட்டால், டிரான்சிஸ்டர் எந்த வோல்டேஜில் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த அடுக்கே தீர்மானிக்கும். தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் ஒன்று, மேலே ஓடும் மின்சாரத்தை அதட்டி வைக்கிறது. புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது. எங்கள் சிப்பில்தான் அது நடந்ததே இல்லை.

மூலக்கூறு செய்கிறவள் ஜெனிலா. கன்னியாகுமரி மாவட்டம், கருங்கல் பக்கம். ஆய்வுக்குச் சேர்ந்ததில் எனக்கு ஒரு வருடம் இளையவள். ஐந்து வருடமாக என்னை “நம்பி அண்ணா” என்கிறாள். பதினாறு மூலக்கூறு செய்தாள், பதினாறும் ஊற்றிக்கொண்டன. இது பதினேழாவது. வீட்டில் கடைக்குட்டியைக் கூப்பிடுகிற குரலில் இதைப் “பதினேழு” என்றே சொல்கிறாள்.

பதினேழு பூசிய எட்டு சிப்பிலும் டிரான்சிஸ்டர்கள் வழக்கத்தைவிடக் குறைந்த வோல்டேஜில் விழித்தன. எட்டும் ஒன்று போல. வரைபடத்தில் கோடு அப்படியே இடப்பக்கம் நகர்ந்து நின்றது. எங்கள் நெறியாளர் தமயந்தி மேடம் திரையைப் பார்த்து “ம்” என்றார். மேடத்தின் “ம்” மற்றவர்கள் போடும் மாலைக்குச் சமம்.

மற்ற வேலைகள்: சிப்புகளைச் சூடாக்கும் வாக்குவம் அடுப்பின் கதவு ரப்பருக்குப் போடும் கிரீஸ் தீர்ந்துவிட்டது, வேறொன்றைத் தடவிச் சமாளித்தேன். ஸ்டோரில் கேட்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க மூலக்கூறு பூசாத வெறும் சிப்பின் அளவு வேண்டும். டிசம்பரில் எடுத்ததே இருக்கிறது, புதிதாக எடுக்கவில்லை. போர்வை துவைக்கப் போட வேண்டும்.

ஜனவரி 20

ஜெனிலா எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தந்தாள். எனக்கு மட்டும் இரண்டு கூடுதல். “எல்லாம் உங்க கைதான் அண்ணா” என்றாள். மறுக்கவில்லை.

ஜனவரி 27, சனி

துறையூரிலிருந்து அம்மா பேசினாள்.

“பொங்கலுக்கு வந்துட்டுப் போனப்ப முறுக்கு டப்பாவுக்குள்ள ஒரு சின்ன பாட்டில் வச்சிருந்தேனே, பாத்தியா?”

“பாத்தேன்.”

“தடவுனியா?”

“தூக்கிப் போட்டேன். அப்பாகிட்ட சொல்லவா?”

“ஐயோ, சொல்லித் தொலைச்சிராதடா. உனக்கு ஏழரை நடக்குது, உங்கப்பாவுக்கு எங்க தெரியப் போவுது? ஒன்பது வாரம் வெளக்குப் போட்டு வாங்கிட்டு வந்தது.”

அப்பா கடவுள் இல்லை என்று கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்தவர். எனக்கு அறிவுடைநம்பி என்று பெயர் வைத்ததும் அவர்தான். “சனிக்கு வளையம் உண்டு, கோபதாபம் கிடையாது” என்பார். அம்மா சனிக்கிழமைதோறும் காய்கறி மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நவக்கிரகத்தைச் சுற்றிவிட்டு, சாட்சிக்கு ஒரு சுரைக்காயுடன் திரும்புவாள்.

நான் அப்பாவின் பிள்ளை. போன வருடம் எங்கள் பல்கலைக்கழக அறிவியல் மன்றத்தில் மூடநம்பிக்கையை எதிர்த்து நெடுநேரம் பேசிக் கைதட்டல் வாங்கியவன். இந்த பாட்டில் சமாசாரத்தை இங்கே எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 6

இரண்டாவது தொகுதி. அதே பதினேழு, அதே ஆக்சைடு, அதே நான். சிப்புக்குச் சிப் வேறு வேறாக வருகிறது. ஒன்று கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, ஒன்று நகரவே இல்லை, ஒன்று செத்தே போனது. பஸ் ஸ்டாண்டுக் கடிகாரங்கள் போல ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டுகிறது.

பிப்ரவரி 9

வாராந்திரக் கூட்டம். மேடம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஜெனிலாவைக் கேட்டார்.

“பதினேழு சுத்தமா இருக்கா?”

“இருக்கு மேடம். ரெண்டு தடவ பாத்தேன்.”

“அப்ப நம்பி கையிலதான் கோளாறுங்கிறியா?”

“ஐயோ, அப்படிச் சொல்லல மேடம்.”

“நம்பி கை எனக்குத் தெரியும். உன் பொருளத்தான் நீ மறுபடி பாக்கணும். முதல்லேருந்து செய்.”

முதலிலிருந்து என்றால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஏப்ரல் கடைசிக்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கேட்க வேண்டிய நீட்டிப்பு எல்லாவற்றையும் கேட்டு முடித்தாயிற்று. பதினேழு இல்லாவிட்டால் கடைசி அத்தியாயம் இல்லை, கடைசி அத்தியாயம் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. இது மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் மேஜையில் இருந்த தேநீர்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பி கை எனக்குத் தெரியும் என்று மேடம் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

பிப்ரவரி 10

கிரீஸ் வந்தது. ரப்பரைத் துடைத்துவிட்டுப் பூசினேன். நன்றாகத்தான் துடைத்தேன்.

பிப்ரவரி 17

ஜெனிலா வேதிவினையை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டு நாற்காலியில்கூட உட்காராமல் காவல் காக்கிறாள். மணிக்கட்டில் அமிலம் பட்டுக் கொப்புளம். மருந்து போடச் சொன்னேன். கேட்கவில்லை.

“எனக்கு என்ன தோணுதுன்னா அண்ணா, பதினேழு நல்லாத்தான் இருக்கு. அது போய் உக்காருறதுக்கு முன்னாடியே வேற எவனோ துண்டு போட்டு இடம் புடிச்சிருக்கான்.”

“என்ன துண்டு?”

“திருநாளைக்கு ஊருக்குப் போற பஸ்ஸு இருக்குல்லா, அதுல ஜன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டு புடிப்பானுவளே, அது. ஆக்சைடுல எனக்க மூலக்கூறு கால் ஊணுறதுக்கு இவ்வளவுதான் சீட்டு. நம்ம ஆளு ஏறிப் பாத்தா எல்லா சீட்டுலயும் துண்டு கெடக்கு. பின்ன எங்க உக்காரும்?”

“யாரு போட்டது?”

“அதான் புடிகிட்டல. தண்ணியா, சால்வென்ட்டா, என்ன எழவோ.”

“சிப்ப நான் சுத்தமாத்தான் தர்றேன்.”

“பின்னே! உங்க மேல சந்தேகப்பட்டா எனக்க நாக்கு அழுகிப் போவும்.”

சாயங்காலம் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். கடைக்காரர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எந்த டயர் என்று சொன்னேன்.

பிப்ரவரி 23

புதிய பதினேழு. அதே கந்தரகோளம்.

பிப்ரவரி 28

தேசிய அறிவியல் தினம். பள்ளிப் பிள்ளைகள் நாள் முழுக்க வந்தார்கள். எங்கள் மேஜையில் நானும் ஜெனிலாவும். காட்ட வேண்டியது எளிய வேடிக்கைதான்: வெறும் சிப்பில் தண்ணீர்ச் சொட்டு விட்டால் பரவிப் படுத்துவிடும், மூலக்கூறு அடுக்கு உள்ள சிப்பில் விட்டால் தாமரை இலையில் நிற்பது போல உருண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அடுக்கு அங்கே இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ஜனவரியில் பத்து சிப்பை அடுப்பில் சூடாக்கி எட்டைத்தான் பதினேழில் முக்கினோம். மிச்சம் இரண்டும் எதிலும் முக்காமல் டப்பாவில் இருந்தன. அதில் ஒன்றை வெறும் சிப் என்று எடுத்துவைத்தேன். “அறிவியல்ல ஒருத்தர் சொன்னார்னு நம்பக் கூடாது, சோதிச்சுப் பாக்கணும்” என்று வசனம் பேசிவிட்டு இரண்டிலும் சொட்டு விட்டேன்.

இரட்டை ஜடை போட்ட ஒரு சிறுமி குனிந்து பார்த்தாள். “சார், ரெண்டுலயும் உருண்டையாத்தானே நிக்குது?”

உருண்டையாகத்தான் நின்றது. மூலக்கூறே பூசாத சிப்பில், முத்து மாதிரி.

“சிப்ப மாத்தி எடுத்துட்டேன்மா” என்றேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். ஜெனிலா சிரிக்கவில்லை. சிப்பின் பின்பக்கம் நானே கீறியிருந்த எண்ணைப் பார்த்தாள்.

“மாறல அண்ணா. வெறும் சிப்புதான் இது.”

“டப்பால ஒரு மாசமா கெடக்குல்ல. காத்துல இருக்குற அழுக்கு படிஞ்சிருக்கும்.”

“காத்தழுக்குன்னா இவ்வளவு உருண்டையா நிக்குமா?”

“நிக்கும்.”

சிறப்பு விருந்தினர் வந்ததால் எழுந்து நின்றோம்.

மார்ச் 1

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய அன்று மாலை. ஆய்வகத்தில் யாரும் இல்லை. மறுநாள் பதினேழின் முதல் சோதனை. பதினாறு தோல்விகளிலும் சிப் செய்தவன் நான்தான், அதை யாரும் சொல்லிக்காட்டியதில்லை, எனக்குத்தான் தெரியும். அம்மாவின் பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை. கோயில் விளக்கிலிருந்து வடித்த நல்லெண்ணெய். விரலில் தொட்டு வாக்குவம் அடுப்பின் கதவு ரப்பர் முழுக்கத் தடவினேன். கிரீஸ் இல்லாததால் தடவியதாக ஜனவரியில் எழுதியிருக்கிறேன். பொய். பக்கத்து ஆய்வகத்தில் கிரீஸ் இருந்தது, கேட்டால் கொடுத்திருப்பார்கள். கதவை மூடும்போது கண்ணை மூடிக்கொண்டேன். கை கூப்பவில்லை. இல்லை, கூப்பினேன்.

“செருப்பையும் சாமியையும் வெளியே விட்டுட்டு உள்ள வாங்க” என்பது மேடம் புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்லும் முதல் வாக்கியம். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவன்.

இனி நடந்தது வேதியியல், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும். எண்ணெயில் கொழுப்பு அமிலம் இருக்கிறது. அடுப்பு சூடு, காற்றில்லை. ஆவியாகிற அமிலம் பக்கத்தில் கிடக்கும் சிப்பில் போய்ப் படியும். அதற்கும் பதினேழுக்கும் ஆக்சைடில் ஊன்றிக்கொள்கிற கால் ஒரே வகை. சிப்பை அடுப்பில் சூடாக்கிய பிறகுதான் பதினேழில் முக்குகிறோம். ஆகவே முதலில் ஏறி உட்கார்ந்தது விளக்கெண்ணெய்... இல்லை, விளக்கில் ஊற்றிய நல்லெண்ணெய். ஜனவரியில் எட்டு சிப்பையும் ஒழுங்காக விழிக்க வைத்தது அதுதான். பிப்ரவரித் தொகுதிக்குள் எண்ணெய் சூட்டில் பாதி வற்றியிருக்கும், பிறகு நான் துடைக்கவும் செய்தேன். முழுக்கப் போகவில்லை, ரப்பருக்குள்ளும் அடுப்புச் சுவரிலும் கொஞ்சம் கொஞ்சம். அரைகுறையாக எண்ணெய், அரைகுறையாகப் பதினேழு. அதனால்தான் சிப்புக்குச் சிப் ஒரு கணக்கு.

ஜனவரியில் புது வெறும் சிப்பை அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முதலாம் ஆண்டு மாணவன் செய்யாத தப்பு.

இதில் இன்னொன்று. கோடு ஏன் இடப்பக்கம் நகர வேண்டும் என்று பதினேழின் வடிவத்தை வைத்து மூன்று பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று மேடம் சொன்னார். அவ்வளவும் எண்ணெய்க்கு எழுதியது.

மார்ச் 4

சொல்லத்தான் போனேன். அவள் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள்.

“என்ன அண்ணா?”

“ஒருவேளை… ஈரப்பதமா இருக்குமோன்னு தோணுது.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடனே ஓடிப்போய் சிலிக்கா ஜெல் பொட்டலங்களாக அள்ளிக்கொண்டு வந்து டப்பாக்களில் எல்லாம் போட்டாள். நான் டப்பாக்களைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதியம் மேடம் இருவரையும் கூப்பிட்டார். இந்த வாரம் கடைசியாக ஒரு தொகுதி. வரவில்லை என்றால் பதினேழை விட்டுவிட வேண்டியதுதான். “அப்புறம் உன் ஆய்வேடு என்ன ஆகும்னு எனக்கே தெரியல ஜெனிலா” என்றார். அவள் “செரி மேடம்” என்றாள். வெளியே வந்ததும் கழிவறைக்குப் போனவள் வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மார்ச் 6

கடைசித் தொகுதிக்குச் சிப்புகளை அடுப்பில் வைத்தேன்.

பாட்டிலில் பாதிக்குமேல் இருந்தது. இப்போது கால்வாசி இருக்கிறது. இதற்கு மேல் இன்று எழுதுவதாக இல்லை. இது அவளுக்காக.

மார்ச் 8

வந்தது. எட்டும் ஒன்று போல, இடப்பக்கம்.

மேடம் “ம்” சொல்லவில்லை, எழுந்து வந்து ஜெனிலாவின் தோளைத் தட்டினார். யாரோ கைதட்டினார்கள். ஜெனிலா அழுவாள் என்று நினைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“வெறும் சிப்பும் கூட வச்சீங்களா அண்ணா?”

“இடம் இல்ல.”

“ஒண்ணு கூடவா?”

“ட்ரே சின்னது ஜெனிலா.”

“செரி.”

களைத்துப்போயிருப்பாள். ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை அவளுக்கு.

மாலையில் அவள் அம்மா என்னிடம் பேச வேண்டும் என்றாராம், போனைக் கொடுத்தாள். “பிள்ளே, நீங்க நல்லா இருக்கணும். அவளுக்கு ஒரு அண்ணன் இல்லாத கொறையத் தீத்துட்டீங்க. ஒவ்வொரு நாளும் ஒங்க பேரச் சொல்லி ஜெபிப்பேன்.” நான் “சரிங்கம்மா, சரிங்கம்மா” என்றேன்.

மார்ச் 11

கருங்கல்லிலிருந்து பார்சலில் ஏத்தவாழைக்காய் சிப்ஸ் வந்திருக்கிறது, என் பெயருக்குத் தனிப் பொட்டலம். பிரிக்கவில்லை.

மேடம் கட்டுரையை எழுதத் தொடங்கிவிட்டார். என் மூன்று பக்கத்தையும் கேட்டார். இன்னும் கொஞ்சம் திருத்தித் தருகிறேன் என்றேன். “அதுல திருத்த என்ன இருக்கு?” என்றார். அவமானத்தில் காது சுடுகிறது என்பார்கள். நிஜமாகவே சுடுகிறது, தொட்டுப் பார்த்தேன்.

ஜெனிலா மறுபடி வெறும் சிப்பைப் பற்றிக் கேட்டாள். இந்தத் தடவை என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

மார்ச் 12

சொன்னேன்.

கேன்டீனுக்குப் பின்னால், காலி சிலிண்டர்கள் அடுக்கியிருக்கும் இடத்தில். கோயிலிலிருந்து தொடங்கினேன். அம்மா, ஏழரை, பாட்டில், ரப்பர். “ஒரு இயற்பியல்காரன் போய் இதைச் செஞ்சேன் பாரு, வெளிய சொன்னா காறித் துப்புவாங்க” என்று என்னையே திட்டித் திட்டிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கிவிட்டது போலக்கூட இருந்தது. அவள் சிரித்துவிடுவாள் என்று நினைத்தேனா, தெரியவில்லை.

“சாமி எண்ணெய்க்கு என்ன? நான் பரீட்சைக்குப் போவும்போ எங்கம்மா நெத்தியில ஜெபம் பண்ணின எண்ணெயத்தான் தேச்சு விடுவா. அது இருக்கட்டும். ஜனவரில தெரியாம தடவுனீங்க. போன வாரம் எதுக்குத் தடவுனீங்க?”

நான் காலி சிலிண்டரின் மூடியைத் திருகினேன்.

“தெரிஞ்சிட்டுத்தானே தடவுனீங்க?”

“உனக்காகத்தான் ஜெனிலா. உன் ஆய்வேடு…”

“எனக்காகவா?” அவள் குரல் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் தேவலாம். “எனக்க கையில சுத்தமில்லைன்னு மேடம் சொன்ன அன்னைக்கு பக்கத்துல இருந்தீங்கல்லா? மறுபடி முதல்லேருந்து செஞ்சேன். எனக்க மேலயே எனக்குச் சந்தேகம் வந்துட்டு. ராவுல எந்திரிச்சு நோட்டைப் பாப்பேன், எங்க தப்புப் பண்ணினேன், எங்க தப்புப் பண்ணினேன்னு.”

“மன்னிச்சிரு.”

“பதினேழு ஒருக்கா கூட அங்க முழுசா உக்காரல. அது என்ன செய்யும், செய்யாதுன்னு இந்த உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது. ஒருக்கா உக்காந்து பாக்க விட்டீங்களா அத? தோத்தாலும் அது தோத்ததா இருந்திருக்குமே.”

எண்ணெய்க்குத்தான் வெட்கப்பட வேண்டும் என்று இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கப்பட வேண்டிய இடம் அதுவே இல்லை.

டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

மார்ச் 13

மேடத்திடமும் சொன்னேன். இந்தத் தடவை கோயிலில் தொடங்கவில்லை, கடைசித் தொகுதியில் தொடங்கினேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

“இந்தக் கட்டுரையில உன் பேர் இருக்காது.”

“சரி மேடம்.”

“அடுத்ததுல இருக்குமாங்கிறது உன் கையில இருக்கு.” கை என்றதும் நிறுத்திக்கொண்டார். “அந்தப் பொண்ணு சுத்தமா இருக்குன்னு சொல்லிச்சு. நான் நம்பல. உன்ன ஒரு வார்த்தை கேக்கணும்னே எனக்குத் தோணல பாரு. அதுக்கு நான்தான் அவகிட்ட பேசணும். நீ போ.”

அவர் கண் கலங்கியிருந்தது. என்னால் கலங்கிய கண் அது என்பதால் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 14

வேதியியல் துறையிலிருந்து வேறு வாக்குவம் அடுப்பு வந்திருக்கிறது. சிப்புகளை இனி ஜெனிலாவே சுத்தம் செய்து, அவளே சூடாக்கி, அவளே அளப்பாள். என்னிடமிருந்த அளவு அறைச் சாவியை யாரும் கேட்கவில்லை. நானே கொண்டுபோய் மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 16, சனி

அம்மாவிடமும் சொன்னேன், பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை, தடவினேன் என்று. அப்பா பக்கத்தில் இருந்ததால் அவள் குசுகுசுவென்று பேசினாள்.

“வேல செஞ்சுதா இல்லியா?”

“செஞ்சுது.”

“பின்ன ஏண்டா அழுவுற?”

மார்ச் 19

பழைய அடுப்பைக் கழற்றிச் சுத்தம் செய்கிறேன். யாரும் சொல்லவில்லை. ரப்பரை எடுத்தெறிந்துவிட்டு, உட்சுவரை சோப்பு, அசிட்டோன், மறுபடி சோப்பு என்று தேய்க்கிறேன். விரல் நுனிகள் உரிந்துவிட்டன. கடைசியில் ஒரு வெறும் சிப்பை வைத்துச் சூடாக்கித் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இன்னும் லேசாக உருள்கிறது. நாளை மறுபடி தேய்க்க வேண்டும்.

பேராசிரியர்கள் அறையில் விஷயம் தெரிந்துவிட்டது. “என்னப்பா நம்பி, நம்ம புரொஜக்டருக்கும் கொஞ்சம் எண்ணெய் போடேன்” என்றார் ஒருவர். சிரித்தேன். வேறென்ன செய்வது? அறிவியல் மன்றத்தில் எத்தனை பேரை இப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மார்ச் 26

இன்று ஜெனிலா அளந்தாள்.

அளவு அறையின் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி உண்டு. நான் வராந்தாவில் நின்றேன். வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. உள்ளே அவளும் மேடமும். எட்டு சிப் பதினேழு பூசியது, எட்டு சிப் வெறும் சிப். முதலில் வெறும் சிப்பைத்தான் வைத்தாள். ஒவ்வொன்றையும் வைத்து, ஊசிகளை இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. நான் சாமி கும்பிடவில்லை. யாரைக் கேட்பது, என்ன உரிமையில் கேட்பது?

வெகுநேரம் ஆயிற்று. மேடம் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு நிமிர்ந்து கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“வெறும் சிப் எட்டும் நகரல” என்றார், என்னிடமா சுவரிடமா என்று தெரியாதபடி. “பதினேழு நகருது. எட்டும் ஒண்ணு போல. ஆனா வலப்பக்கம்.”

வலப்பக்கம். அதிக வோல்டேஜில் விழிக்கிறது. எண்ணெய் செய்ததற்கு நேர் எதிர். பதினேழு இத்தனை நாளும் செய்யக் காத்திருந்த காரியம் அது. நான் எழுதிய மூன்று பக்கமும் குப்பை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை அவள் முதல் வரியிலிருந்து திருப்பி எழுத வேண்டும், ஏப்ரல் கடைசிக்குள். ஆனால் எழுதுவதற்கு இருக்கிறது. அவளுடையது என்று ஒன்று இருக்கிறது.

கண்ணாடி வழியே பார்த்தேன். ஜெனிலா நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அதைப் பார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

சற்றுப் பொறுத்து சிப் ட்ரேயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கதவருகே வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மேடம் அதற்குள் மாடிக்குப் போய்விட்டார்.

“சார், கதவக் கொஞ்சம் தொறக்கிறீங்களா?”

யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.